எதிரே பார்த்து நடந்தவள்

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை நான் நம் படிப்பகத்தின் இரும்புக் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். கையில் ஒரு ரப்பர் நண்டு. கங்கா வந்ததும் அவள் தோள்பைக்குள் அதைப் போடுவதாகத் திட்டம். மீன்காரி வீட்டுப் பெண் நண்டுக்குப் பயப்படுவாளா என்று கேட்காதீர்கள். பயப்பட மாட்டாள். எடுத்து மோந்து பார்த்து, "செத்து எத்தினி நாளாச்சுடா, நாத்தமே காணோம்" என்பாள். அதற்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். அந்தப் பதில் இப்போது ஞாபகத்தில் இல்லை.

அவளுக்குப் பதில் தில்லி ஓடி வந்தான். தில்லி எங்கள் மூவரில் பேசாதவன், ஓடாதவன், பசித்தால் மட்டும் வாய் திறப்பவன். "கடி, கங்காவ லாரி அட்ச்சிட்ச்சுடா" என்றான்.

கடி என்பது நான்தான். கடி ஜோக் சொல்லிச் சொல்லி வீட்டில் வைத்த பெயர் எங்கோ தொலைந்துவிட்டது. தில்லியும் கங்காவும் சேர்ந்து என்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைத்தேன். "நடிப்பு பத்தல மாமு. கண்ணுல தண்ணி வரணும்" என்றேன். தண்ணீர் வந்துகொண்டுதான் இருந்தது. அவன் என் சட்டையைப் பிடித்து ரோட்டுக்கு இழுத்த பிறகுதான் அதைப் பார்த்தேன். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் ஆம்புலன்ஸ் கிளம்பிவிட்டது. ஆஸ்பத்திரி வாசலில் அவள் அம்மா போட்ட சத்தத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது.

கங்காவின் படத்தைத் திறந்து வைத்துவிட்டு, நம் கையெழுத்து இதழுக்கு "நாலு நல்ல வார்த்தை" எழுதித் தரும்படி படிப்பகச் செயலாளர் அண்ணன் கேட்டார். மேடையில் பேச விட்டால் நான் ஏதாவது கடித்து வைப்பேன் என்று அவருக்குப் பயம். எழுதினால் நிதானம் வரும் என்றார். எழுத உட்கார்ந்து பார்த்தேன் அண்ணே. நிதானம் வரவில்லை. இதைப் படிக்கப்போகும் எல்லாருக்கும் அவளைத் தெரியும். அதனால்தான் இன்னும் கோபமாக வருகிறது. சாவு வீட்டில் பந்தலுக்கு அடியில் உட்கார்ந்து, டீ டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "பொம்பளப் புள்ள ஊரு சுத்துச்சு, அதான்" என்று சொன்னவர்களும் உங்களில்தான் இருக்கிறார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். பெயர் எழுத மாட்டேன். நீங்களே உங்களைக் கண்டுபிடித்துக்கொள்ளுங்கள்.

அவள் ஊர் சுற்றினாள் என்பது உண்மை. எப்படிச் சுற்றினாள், எதற்குச் சுற்றினாள் என்று முதலில் கேளுங்கள்.

பள்ளிக்கூடத்தில் ஒரு தடவை எங்களை எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வேனில் கூட்டிக்கொண்டு போனார்கள். வரிசையில் நிறுத்தி, முன்னால் இருப்பவன் தோளில் கையை வைக்கச் சொல்லி, ஒரு வாசலில் விட்டு இன்னொரு வாசலில் எடுத்தார்கள். எனக்கு முன்னால் நின்ற பையனின் பின்மண்டையைத் தவிர நான் வேறு எதையும் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் கங்கா டீச்சரிடம் போய், "மிஸ், மறுபடியும் ஒரு தபா போலாமா? நான் இன்னும் பாக்கவே இல்ல" என்றாள். டீச்சர் புளிசாதப் பொட்டலத்தை அவள் கையில் திணித்து உட்காரச் சொல்லிவிட்டார். பல வருஷம் கழித்து, அவள் கல்லூரியில் பி.காம் சேர்ந்த பிறகு, ஒரு சனிக்கிழமை சாயங்காலம் எங்கள் இருவரிடமும் சொன்னாள். "நாளைக்கு மியூசியம் போறோம். நடந்து."

"திருவொத்தியூர்ல ரயிலுனு ஒன்னு கீது, தெரியுமா? நீராவி எல்லாம் இல்ல, கரன்ட்டுலயே ஓடுது" என்றேன்.

"ரயில்ல போனா டபால்னு அங்க போய் எறங்கிடுவ. எந்த எடத்துல இருந்து ரோடு நல்லா ஆவுதுன்னு தெரியவே தெரியாது. எனக்கு அத்தப் பாக்கணும்."

பார்த்தோம். எங்கள் குப்பத்தைத் தாண்டி, காசிமேட்டில் மீன் வேன்களுக்கு நடுவில் நுழைந்து, ராயபுரம் ஸ்டேஷனைக் கடந்து, பாரிமுனைக் கூட்டத்தில் இடிபட்டு, எழும்பூர் பக்கம் திரும்பினால், ஓர் இடத்தில் காலுக்கடியில் தரை மாறுகிறது. பூப்போட்ட கல் பதித்த நடைபாதை. நடுவில் கம்பி போட்டு, வண்டி ஏற முடியாதபடி கட்டியது. கங்கா அங்கே நின்று, செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலால் அந்தக் கல்லை மிதித்துப் பார்த்தாள். "மியூசியம் இங்கியே ஆரம்பிச்சிட்ச்சுடா" என்றாள்.

எங்கள் ரோட்டில் நடை உண்டு, பாதை கிடையாது என்று நான் சொன்னேன். அது நான் சொன்ன கடிகளில் ஒன்று. எல்லாவற்றுக்கும் சிரிப்பவள் அதற்கு மட்டும் சிரிக்கவில்லை.

உள்ளே போனால் அவள் தனி ஆள். எனக்கு ஒரு கூடத்தை முடிக்க ஒரு நிமிஷம் போதும். தில்லிக்கு அதுவும் வேண்டாம், கேன்டீன் எந்தப் பக்கம் என்று தெரிந்தால் சரி. கங்கா ஒவ்வொரு கண்ணாடிக்கு முன்னாலும் மூக்கு ஒட்டும் தூரத்தில் நிற்பாள். திமிங்கலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே ரொம்ப நேரம் நின்றாள். பக்கத்தில் ஒரு குடும்பம் அதைப் பார்த்து "அம்மாடி, டைனோசர்!" என்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. நான் அவள் ஏதோ பெரிய யோசனையில் இருக்கிறாள் என்று நினைத்து, "இன்னா கங்கா, கண்ணு கலங்குது?" என்று கேட்டேன். "இல்லடா. இத்த ஏலத்துல வுட்டா எங்கம்மா எந்தப் பக்கத்துல இருந்து வெட்ட ஆரம்பிக்கும்னு பாக்கறேன்" என்றாள். அந்தக் கூடத்தில் சத்தமாகச் சிரித்ததற்கு எங்களை வெளியே அனுப்பினார்கள். பாதி சிரிப்பு தில்லியுடையது. அவன் சிரித்து நான் முதலில் பார்த்தது அன்றுதான்.

திரும்பி வரும்போதுதான் அந்த விளையாட்டு தொடங்கியது. ஆரம்பித்தவன் நான். அருங்காட்சியகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் கீழே ஓர் அட்டை இருக்கும் அல்லவா, பெயர், காலம், கிடைத்த இடம் என்று. அதே மாதிரி எங்கள் ரோட்டுக்கு எழுதி ஒட்டினேன். மூடி இல்லாத சாக்கடைக் குழிக்கு: "கிணறு. காலம்: கடந்த மழைக்கு முன். பயன்: விழுவதற்கு." புகை அடித்துக் கறுத்துப்போன பெயர்ப்பலகைக்கு: "நவீன ஓவியம். ஓவியர்: காற்று." எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெய் படிந்து கிடந்த நேரத்தில், ஊர்ப் பலகையில் 'எண்ணெயூர்' என்று அட்டை ஒட்டி ஒரு போலீஸ்காரரிடம் காதைக் கொடுத்தேன். காது திரும்பக் கிடைத்தது, கொஞ்சம் சிவப்பாக.

கங்காவுக்கு அந்த விளையாட்டு பிடித்திருந்தது. ஆனால் ஒரு நாள் கேட்டாள். "ஒட்டிட்டு எங்க போற?"

"வூட்டுக்குத்தான்."

"அந்தக் குழி?"

"குழி எங்கயும் போவாது."

"அதத்தான் நானும் சொல்றேன்" என்றாள். மறுநாள் கல்லூரிக்குப் போகாமல் வார்டு அலுவலகத்தில் போய் நின்றிருக்கிறாள். எழுதிக் கொடு என்றார்களாம், எழுதிக் கொடுத்திருக்கிறாள். போ என்றார்களாம், போகவில்லை. மதியத்துக்கு மேல் ஓர் ஆள் சிமென்ட் மூடியோடு வந்து குழியை மூடிவிட்டுப் போனார். என் அட்டை மூடிக்கு அடியில் மாட்டிக்கொண்டது.

அவள் சண்டைக்காரி இல்லை. குரல் உயர்த்தி நான் கேட்டதே இல்லை. கேட்டுவிட்டு நிற்பாள், அவ்வளவுதான். எதிரில் இருப்பவருக்கு அதைவிடப் பெரிய பேஜாரு வேறில்லை.

இதற்குச் சாட்சி அந்த ஓவியக் கூடம். நகரத்தின் நல்ல பகுதி ஒன்றில், மரங்கள் வரிசையாக நிற்கும் தெருவில் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே வடசென்னையைப் பற்றி ஒரு புகைப்படக் கண்காட்சி. வாசலில் பலகை, "அனைவரும் வருக". நாங்கள் காலையிலிருந்து நடந்து போனதில் வேர்வையும் தூசியுமாக இருந்தோம். காவலாளி எங்களை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க தம்பி? டெலிவரியா?"

"ஆமா சார், எங்களையே டெலிவரி பண்ண வந்துகீறோம்" என்றேன். அவர் சிரிக்கவில்லை. இன்னிக்கு அழைத்தவர்களுக்கு மட்டும் என்றார். சரி, போனால் போகட்டும், வெளியே இளநீர் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்று நான் திரும்பிவிட்டேன். தில்லி எனக்கு முன்னாலேயே திரும்பியிருந்தான். கங்கா அதே இடத்தில் நின்றாள்.

"அண்ணே, அனைவரும்னு போட்டுகீதே. அனைவரும்னா யாரு யாரு?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா."

"தெரிஞ்சவங்களக் கூப்புடுங்க. நிக்கிறேன்."

நின்றாள். கார்கள் வந்தன, ஆட்கள் இறங்கி உள்ளே போனார்கள், ஒருவரையும் அழைப்பிதழ் கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் அவள் காவலாளியைப் பார்த்தாள். கடைசியில் உள்ளேயிருந்து கண்ணாடி போட்ட ஓர் அம்மா வந்து, "உள்ள வாங்க, ஏன் இங்க நிக்கிறீங்க?" என்று நாங்கள் ஏதோ கூச்சத்தில் நிற்பதுபோல் கூப்பிட்டார்.

உள்ளே எங்கள் ரோடு. நிஜமாகவே எங்கள் ரோடு, சுவர் முழுக்க. சாயங்கால வெயிலில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாக நிற்கின்றன. சிவப்பு, நீலம், மஞ்சள் பெட்டிகள், மேலே தூசி தங்கப்பொடி மாதிரி மிதக்கிறது. இரண்டு பேர் அதன் முன்னால் நின்று, என்ன நிறம், என்ன வெளிச்சம் என்று வியந்துகொண்டிருந்தார்கள். அந்த அம்மா கங்காவிடம் அன்பாகக் கேட்டார். "நீங்க எங்கிருந்து வர்றீங்கம்மா?"

கங்கா படத்தைக் காட்டினாள். "இதுல இருந்துதான். இந்த நீலப் பொட்டிக்குப் பின்னாடி எங்க வூடு. பொட்டி நகந்தா தெரியும். நகராது."

அந்த அம்மா நன்றி என்றார். எதற்கு நன்றி என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

வரும் வழியில் நான் அந்தக் காவலாளி மாதிரி நடித்துக் காட்டிக்கொண்டே வந்தேன். தில்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். கங்கா பிறகு சொன்னாள். "சோக்கா பண்ற கடி. ஆனா நீ எல்லாத்தியும் சிரிச்சிட்டு வுட்டுட்ற. அவனுங்களுக்கும் அதான் வேணும். சிரிச்சவன் அப்புறம் கேக்க மாட்டான்ல."

எனக்குக் கோபம் வந்தது. ரெண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து ஒரு நெத்திலிப் பொட்டலத்தை என் மடியில் போட்டு, "அழைப்பிதழ் இருந்தா தின்னு" என்றாள்.

இப்போது அவள் எப்படி நடந்தாள் என்பதற்கு வருகிறேன். நான் இதை எழுத ஒப்புக்கொண்டதே இதற்காகத்தான். டீ டம்ளர்காரர்கள் கவனமாகப் படிக்கவும்.

நம் ரோட்டில் துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர்கள் இடது பக்கம் வரிசை கட்டி நிற்கும். கேட் திறக்கும் வரை அசையாது. நடக்க வேண்டிய ஓரம் முழுக்க அவற்றின் சக்கரங்கள்தான். அதனால் நாம் நடப்பது எதிர்ப்பக்கம், அதாவது நமக்கு எதிரே வண்டிகள் வரும் வலது ஓரம். இதை நமக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பால் வாங்கப் போகிற பெண் முதல் ஸ்கூல் பிள்ளைகள் வரை இங்கே எல்லாரும் அப்படித்தான். எதிரே வருகிறவனின் முகம் தெரிய வேண்டும், அவன் தூங்குகிறானா, போனில் பேசுகிறானா, பிரேக் மேல் கால் வைக்கிறானா என்று தெரிய வேண்டும். கங்கா சொல்வாள், "முதுவக் காட்டி நடந்தா அவன் புண்ணியத்துல இருக்கோம். மூஞ்சியப் பாத்து நடந்தா நம்ம கண்ணுல இருக்கோம்." அவளோடு எத்தனையோ ஞாயிறு நடந்திருக்கிறேன். எங்கள் இருவரையும் உள்பக்கம் தள்ளிவிட்டு, வண்டிப் பக்கம் அவள் வருவாள். நம் ரோட்டில் நடக்கும்போது ஒரு தடவைகூடப் போனை எடுத்ததில்லை. எழும்பூர்ப் பக்கம் நடைபாதை வந்த பிறகுதான் எடுத்துப் பார்ப்பாள்.

அன்று காலையும் அப்படித்தான் வந்திருக்கிறாள், வலது ஓரமாக, எதிரே பார்த்துக்கொண்டு. அவளுக்கு எதிரே ஒரு வண்டியும் இல்லை. வரிசையில் பின்னால் நின்ற ஒரு டிரெய்லர், நடுத்தடுப்பு உடைந்து கிடக்கும் இடத்தில் திரும்பி, எதிர்ப்பாதைக்குள் புகுந்து, எல்லாரையும் முந்திக்கொண்டு கேட்டுக்குப் போகப் பார்த்திருக்கிறது. வரக்கூடாத பக்கத்தில் வந்தது. அவளுக்குப் பின்னால் இருந்து வந்தது. அவள் பார்க்க வேண்டிய திசையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் திசையில் சாவு வரவில்லை.

இதை நான் பார்க்கவில்லை. பார்த்தது சரோஜாக்கா. அந்த இடத்தில் இட்லிக்கடை வைத்திருப்பவர். அன்றைக்கே எங்களிடம் அழுதுகொண்டே சொன்னார். "போலீஸ்ல சொல்றியாக்கா?" என்று தில்லி கேட்டதும் அழுகை நின்றுவிட்டது. "நான் இன்னாத்தடா கண்டேன், மாவு ஊத்திகினு இருந்தேன்" என்றார். அவர் கடையில் சாப்பிடுகிறவர்கள் எல்லாம் லாரிக்காரர்கள். அந்த நேரத்தில் எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. இப்போதும் முழுதாகப் பிடித்துவிடவில்லை.

போலீஸில் எழுதியது இது: பெண் சாலையின் தவறான பக்கத்தில், கவனக்குறைவாக நடந்து சென்றார். கவனக்குறைவு! திமிங்கலத்தின் எலும்பைக் கால் மணி நேரம் பார்க்கிறவள். பேப்பரில் அதைவிடச் சுருக்கமாக வந்தது. சாவு வீட்டில் அதைவிடச் சுருக்கமாகப் பேசினீர்கள். ஒரு பெரிய மனிதர் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரில் அவர் படம் பெரிதாகவும் கங்கா படம் ரேஷன் கார்டு அளவிலும் இருந்தது. கீழே "சாலை விதிகளை மதிப்போம்" என்று அறிவுரை வேறு. அந்த பேனர் ராத்திரியோடு ராத்திரியாகக் கிழிந்தது எப்படி என்று கேட்டுக்கொண்டிருந்தீர்களே. காற்று, அய்யா. ஓவியர் காற்று.

அவள் விழுந்த இடத்தில் ஓர் அட்டை எழுதி ஒட்டச் சொன்னார்கள் சில நண்பர்கள். என் வேலைதானே அது. மாட்டேன் என்றேன். நாலு பேர் நின்று படித்து, உச்சுக் கொட்டி, அடுத்த கூடத்துக்குப் போவதற்கு அவள் காட்சிப்பொருள் இல்லை.

கங்காவின் அம்மா பெயர் அஞ்சலை. கணவர் விட்டுப்போன நாளிலிருந்து காசிமேட்டில் விடியலில் ஏலம் எடுத்து, தெருத் தெருவாக மீன் விற்று மகளைப் படிக்க வைத்தவர். எனக்கு அத்தை முறை. அவர், நான், தில்லி மூன்று பேரும் போக்குவரத்துப் போலீஸ் நிலையத்துக்குப் போனோம். அத்தை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எம்பொண்ணு தப்பான பக்கம் போச்சுன்னு எய்திகீறீங்க. அத்த மாத்துங்க சார். வேற எதுவும் எனக்கு வாணாம்."

சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மனிதர்போலத்தான் பேசினார். "ரூல் படி லெஃப்ட்லதானம்மா போவணும். உங்க பொண்ணு ரைட்ல போயிருக்கு. நான் என்ன பண்ண?"

நான் குறுக்கே புகுந்தேன். "சார், லெஃப்ட்ல போறது வண்டிக்கு. நடக்கறவன் எதிர்ல பாத்துதான் நடக்கணும். ராங் சைடுல வந்தது லாரி."

"நீ பாத்தியா?"

"இல்ல சார்."

"அப்ப வாய மூடு. அந்தப் புள்ளைக்குக் காலங்காத்தால ரோட்ல என்ன வேலை?"

"மியூசியம் போக வந்துச்சு சார்."

"மியூசியமா? நடந்தா?" என்று பக்கத்து மேசைக்காரரைப் பார்த்தார். இருவரும் சிரித்தார்கள். நான் அதுவரை என் வாழ்க்கையில் எவ்வளவோ பேரைச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரிப்புச் சத்தம் அவ்வளவு கலீஜாக எனக்குக் கேட்டதில்லை.

அத்தை எழுந்து வெளியே போய்விட்டார். அழப் போகிறார் என்று நினைத்தேன். மறுநாள் விடிந்ததும் தெரிந்தது.

சாவு விழுந்த வீட்டில் கருமாதி முடியும்வரை கூடை தூக்க மாட்டார்கள். இது நம் எல்லாருக்கும் தெரியும். தூக்கினாலும் அந்தக் கையால் யாரும் மீன் வாங்க மாட்டார்கள். அஞ்சலை அத்தை கருமாதிக்கு முன்பே காசிமேட்டுக்குப் போய் ஏலம் எடுத்து, கூடையோடு வந்து, போலீஸ் நிலையத்தின் வாசலுக்கு நேர் எதிரே பலகையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். வழக்கமான குரல், வழக்கமான கூவல், நடுவில் மட்டும் ஒரு வரி புதிது.

"சங்கரா கீது, நெத்திலி கீது! எம்பொண்ணு ரைட்டாத்தான் நடந்துச்சு! காரப்பொடி மீனு வாங்கலியாம்மா!"

எங்கள் குப்பத்துக் கிழவிகள் தலையில் அடித்துக்கொண்டார்கள். "கருமாதி ஆவல, அதுக்குள்ள கூடைய எட்த்துட்டா பாரு" என்று ஒருத்தி என் காதுபடச் சொன்னாள். ஒருவர்கூட மீன் வாங்கவில்லை. வெயில் ஏற ஏற, மீன் போலீஸ் நிலையத்துக்குள் தன் வருகையைத் தெரிவித்தது. ஒரு கான்ஸ்டபிள் வந்து, "இன்னாமே, எட்த்துட்டுப் போ, சார் திட்றாரு" என்றார். அத்தை ஒரு சங்கராவைத் தூக்கிக் காட்டி, "பிரெஷ்ஷு சார், செவுள் பாரு. எம்பொண்ணு ரைட்டாத்தான் நடந்துச்சு. எத்தினி போடட்டும்?" என்று கேட்டார். பெயர் அஞ்சலை. அஞ்சவுமில்லை. மறுநாளும் வந்தார். அதற்கு மறுநாள், எங்கள் குப்பத்தில் மீன் விற்கும் மற்ற பெண்களும் ஒவ்வொருவராகப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து அவருக்குப் பக்கத்தில் போட்டார்கள். தலையில் அடித்துக்கொண்ட கிழவியும் வந்தாள். கூவல் ஒரே மாதிரி இருந்தது.

நானும் தில்லியும் கல்லூரிக்குப் போகாமல் அத்தைக்கு ஐஸ் உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஒரு மதியம், சரோஜாக்கா வந்தார். மீன் வாங்க வந்தவர்போலக் கூடைக்கு முன்னால் குந்தினார். ஒரு மீனை எடுத்தார், வைத்தார், இன்னொன்றை எடுத்தார். அத்தை அவரிடம் ஒன்றுமே கேட்கவில்லை. மற்றவர்களிடம் சொன்ன அதே வரியைத்தான் அவரிடமும் சொன்னார். "எம்பொண்ணு ரைட்டாத்தான் நடந்துச்சு, சரோஜா. எத்தினி போடட்டும்?"

சரோஜாக்கா மீனைப் போட்டுவிட்டுக் கையைப் புடவையில் துடைத்தார். "கூடைய மூடு அஞ்சல. வா, உள்ள போலாம்" என்றார்.

அவர் உள்ளே சொன்னதை எல்லாம் எழுதிக்கொண்டார்கள். தடுப்பு உடைந்த இடம், டிரெய்லர் திரும்பியது, அவளுக்குப் பின்னால் வந்தது எல்லாம். பழைய அறிக்கையில் பெண் தவறான பக்கத்தில் நடந்தார் என்ற வரி போய், லாரி தவறான திசையில் வந்தது என்ற வரி வந்தது. அத்தை அதை என்னை இரண்டு தடவை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு வெளியே வந்து கூடையில் மிஞ்சியிருந்த மீனை எல்லாம் தெருநாய்களுக்குப் போட்டார். ஆஸ்பத்திரி வாசலுக்குப் பிறகு அவர் அழுததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஜெயித்துவிட்டோம் என்று யாரும் கை தட்ட வேண்டாம். நாங்கள் வீடு திரும்பும்போதே ஒரு டிரெய்லர் அதே உடைப்பில் திரும்பி, அதே எதிர்ப்பாதையில், ஹாரன் அடித்துக்கொண்டு போனது. அந்த வரி கங்காவை நல்லவளாக்கியது. அவள் ஏற்கெனவே நல்லவள்தான். ரோட்டை அது ஒன்றும் செய்யவில்லை.

அன்று நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது சப்-இன்ஸ்பெக்டர் என் தோளைத் தட்டினார். "நீதான் ஜோக்கு சொல்ற பையனாமே. எல்லாம் முடிஞ்சுதுல்ல? ஒன்னு சொல்லிட்டுப் போ" என்றார். வாயில் மூன்று வந்து நின்றன. மூன்றும் நன்றாகவே இருந்தன.

"அந்தத் தடுப்ப எப்ப சார் அடைப்பீங்க?" என்றேன்.

"அது எங்க கையில இல்லப்பா."

"யார் கையில சார்?"

"அது ஹைவேஸ், அப்புறம் போர்ட்டு... போப்பா, நேரமாவுது."

நான் போகவில்லை. அவர் ஒரு ஃபைலைப் புரட்டினார், போனை எடுத்தார், வைத்தார், டீ வந்தது, குடித்தார். நான் அங்கேயே நின்றேன். தில்லி வந்து என் பக்கத்தில் நின்றான். கொஞ்ச நேரத்தில் அத்தையும் வாசலிலிருந்து திரும்பி வந்து நின்றார். கடைசியில் சப்-இன்ஸ்பெக்டர் ஒரு காகிதத்தில் ஓர் அலுவலகத்தின் பெயரையும் மாடியையும் எழுதி நீட்டினார்.

கங்காவின் புத்தகங்களும் பையும் அத்தையிடம் இருக்கின்றன. படத்தை நீங்கள் மாலை போட்டு மாட்டிவிட்டீர்கள். எனக்குக் கிடைத்தது ஒன்றுதான்: கேட்ட பிறகு அந்த இடத்தை விட்டு நகராமல் இருப்பது. அவளிடமிருந்து எடுத்துக்கொண்டேன். இன்னும் எனக்கு அது சரியாக வரவில்லை. கால் வலிக்கிறது, வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது, எதிரில் இருப்பவர் சிரித்தால் நானும் சிரித்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் நிற்கிறேன்.

திங்கட்கிழமை காலை அந்த அலுவலகத்துக்குப் போகிறோம், நானும் தில்லியும் அஞ்சலை அத்தையும். வருகிறவர்கள் வாருங்கள். அவளுக்கு ரோட்டில் நடக்கத் தெரியவில்லை என்று இன்னும் சொல்லிக்கொண்டிருப்பவர்கள் வர வேண்டாம்.